ஜன்னல் அடைத்த கூடம்

திருச்சுழி பஸ் அருப்புக்கோட்டையில் கஸ்தூரியை இறக்கிவிட்டபோது மணி ஒன்பதரை. தொண்ணூற்றிரண்டாம் வருஷம், மே மாதம். அந்த நேரத்துக்கே தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. வழி விசாரித்துக்கொண்டு நெசவுக்காரர்கள் தெருவுக்குள் நுழைந்தாள். இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கூடவே வந்தது. தெரு முடிந்து சற்றுத் தள்ளி, தனியாக ஒரு நீளமான ஓட்டுக் கட்டிடம் நின்றது.

நெசவாளர் சங்கச் செயலாளர் திம்மையா சாவியோடு வாசலில் காத்திருந்தார். ஐம்பத்தேழு வயது. தெருவில் எல்லோரையும் போல வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிறவர். வருகிற ஆனியில் சங்கத்துக்கு அறுபது வருஷம் நிறைகிறது. பழைய போட்டோக்கள், மனுக்கள், திருவிழா நோட்டீஸ்கள், கடிதங்கள் எல்லாம் தகரப் பெட்டிகளில் கிடந்தன. அவற்றைப் பிரித்து, விவரம் எழுதி, ஜனங்கள் பார்க்கும்படி இந்தக் கூடத்தில் வைக்க வேண்டும். திருச்சுழி நூலகத்தில் வேலை பார்க்கும் கஸ்தூரி நீண்ட விடுப்பில் இருப்பதாக யாரோ சொல்லி, அவர் அவளை வரச் சொல்லியிருந்தார். ஏன் விடுப்பு என்பதையும் சொல்லியிருப்பார்கள் போல. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் பந்தல்குடி ரோட்டில் லாரி மோதி அவள் கணவன் பூமிநாதன் இறந்துபோனான். அன்றிலிருந்து இன்றுவரை அவள் அழவில்லை. அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும்தான் காத்திருந்தாள். வரவில்லை. சோறு ருசிக்கவில்லை, வெயில் சுடவில்லை, யார் கையைப் பிடித்தாலும் மரத்துப்போன இடத்தைத் தொட்ட மாதிரிதான் இருந்தது.

கூடத்துக்கு ஒரே கதவு. மேற்குச் சுவரில் ஐந்து ஜன்னல்களின் தடம் மட்டும் தெரிந்தது. செங்கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். காரணம் கேட்டதற்கு, அது அந்தக் காலத்து வேலை என்று மட்டும் திம்மையா சொன்னார். கதவைச் சாத்தாமல் வேலை பார்க்கும்படி சொல்லி, ஒரு பாறாங்கல்லை அவரே உருட்டிவந்து முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

எதிர்வீட்டுச் சந்தனம்மாள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தாள். உள்ளே ஒரு எட்டு வைக்கவில்லை. கஸ்தூரிதான் தூக்கிவந்து மூலையில் வைத்துத் தட்டால் மூடினாள்.

மத்தியானம் குடம் காலியாக இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. குடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை. எடுத்துக்கொண்டு போய் இன்னொரு குடம் கேட்டாள். சந்தனம்மாள் நிமிர்ந்து பார்க்காமல் ஊற்றிக்கொடுத்தாள்.

மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வாசம் வந்தது. ப்ளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்த வாசம். அதற்கு அடியில், நோயாளி படுத்த பாயை வெயிலில் போடாமல் சுருட்டி வைத்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. கஸ்தூரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

நான்காம் நாள் உச்சிவேளை. நெசவுக்காரர்கள் சாப்பிட எழுந்திருந்ததால் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. ஓட்டின் மேல் வெயில் படபடவென்று வெடித்தது. அவள் ஒரு போட்டோவின் பின்பக்கம் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

கல் நகர்கிற சத்தம் கேட்டது.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

காற்று இல்லை.

கண் இருட்டுக்குப் பழகியதும் பார்த்தாள். அடைத்த ஜன்னல்களுக்குக் கீழே, சுவரோரமாக, வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

கஸ்தூரி எண்ணினாள். அலமாரியில் புத்தகங்களை எண்ணுகிற மாதிரி, இடமிருந்து வலமாக. பதினோரு பேர்.

கண்கள் குழிக்குள் போயிருந்தன. உதடுகள் வெடித்திருந்தன. விரல்கள் மட்டும், நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியவை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. கடைசியில் கிடந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"நீரு கொடம்மா."

அது மட்டும் புரிந்தது. கஸ்தூரி எழுந்து டம்ளரில் மொண்டு கொண்டுபோய் அந்த வாயருகே பிடித்தாள். டம்ளரின் கனம் குறைந்துகொண்டே வந்தது. அவள் விரலில் பட்ட அந்த விரல்களில் குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று பதினோரு பேருக்கும் கொடுத்தாள். கடைசியாக அந்தப் பெண் கதவைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள்.

"பாகிலு தெகி."

தெருவில் முதல் தறி ஓடத் தொடங்கியது. கதவு திறந்திருந்தது. சுவரோரம் வெறும் தரைதான்.

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. உள்ளங்கை வியர்க்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விட்ட பெயரிலிருந்து எழுதினாள். சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான், பயம் வரவில்லையே என்று லேசாக ஒரு பயம் வந்தது.

மறுநாள் திம்மையா வந்ததும், பாகிலு தெகி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

அவர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார். பிறகு ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். 

"கதவத் திறன்னு அர்த்தம். யாரு சொன்னா, லைப்ரரியம்மா?"

பார்த்ததை எல்லாம் அவள் சொன்னாள். நேற்றுச் சந்தைக்குப் போய்வந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

அவர் சொன்னது இது. நாற்பத்துமூன்றாம் வருஷம் தெருவில் காலரா கண்டது. நோய் கண்டவர்களை இந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பரவாமல் இருக்க ஜன்னல்களை அடைத்தார்கள். தண்ணீர் கொடுத்தால் நோய் முற்றும் என்று அப்போது நம்பினார்கள், அதனால் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து கதவைப் பூட்டினார்கள். திங்கட்கிழமைதான் திறந்தார்கள்.

"பூட்டுனது எங்கப்பா. உள்ள எங்கம்மா இருந்துச்சு. எனக்கு எட்டு வயசு. இந்தப் படியிலதான் உக்காந்திருந்தேன். ரெண்டு நாளு சத்தம் கேட்டுச்சு."

கஸ்தூரிக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. பந்தல்குடி ரோட்டில் பூமிநாதன் ஒரு மணி நேரம் உயிரோடு கிடந்தான். தண்ணீர் கேட்டான். அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று கூட்டத்தில் யாரோ தடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்தான் பிறகு வீடு தேடி வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது திம்மையாவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு குடத்தின் பக்கம் போய்த் தட்டைச் சரியாக மூடினாள்.

அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. உச்சிவேளைக்குத் தறிகள் நின்றன. கல் நகர்ந்தது. கதவு சாத்திக்கொண்டது. கஸ்தூரி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திம்மையா சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு மண்டிபோட்டுத் தரையைத் தடவினார்.

"எங்க இருக்கு? அம்மா எங்க இருக்கு?"

அவர் கைக்கு அருகில்தான் வரிசையிலிருந்த ஒரே பெண் கிடந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கஸ்தூரி இடத்தைக் காட்டினாள். அவர் அங்கே நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, லைப்ரரியம்மா."

மறுநாள் ஒரு பழுப்பேறிய நோட்டைக் கொண்டுவந்தார். பதினோரு பெயர்கள், வயது, வீடு. அவருடைய அப்பா எழுதி வைத்தது. சாகும்வரை யாரிடமும் காட்டவில்லையாம். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். சங்கத்துப் பெரியவர்கள் கூடி வந்து சத்தம் போட்டார்கள். அறுபது வருஷம் கட்டிக்காத்த பேரை ஒரு நோட்டில் தொலைப்பதா என்றார்கள். இந்த நோட்டு இல்லாமல் கண்காட்சி இல்லை என்று திம்மையா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தச்சரை வரவழைத்துக் கதவை நிலையோடு பெயர்த்தெடுத்தார். அடைத்த ஜன்னல்களையும் உடைத்துத் திறந்தார்.

ஆனி மாதம் கண்காட்சி நடந்தது. திருவிழாப் போட்டோக்களில் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டு வந்தவர்கள் நோட்டின் முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் ஒரு பெயரின் மேல் கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். குடத்துத் தண்ணீர் குறையவில்லை. சந்தனம்மாள் முதல்முறையாக உள்ளே வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். வாசம் போய்விட்டது. செத்தவர்கள் போகட்டும், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று தெருவில் சொன்னார்கள்.

கஸ்தூரி திருச்சுழிக்குத் திரும்பி வேலையில் சேர்ந்தாள்.

அதன் பிறகு தினமும் காலையில், பூமிநாதன் படுக்கும் இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைக்கத் தொடங்கினாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது பார்ப்பாள். செம்பு நிறைந்தபடியே இருக்கும். கொண்டுபோய்க் கொல்லையில் ஊற்றிவிட்டு மறுநாள் புதிதாக வைப்பாள். அம்மாவின் குரல் திம்மையாவுக்கே கேட்கவில்லை, நமக்கு மட்டும் என்ன வரப்போகிறது என்று தோன்றும். ஆனாலும் வைப்பாள்.

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியில் இருந்தாள். வெயில் முற்றத்தின் நடுவில் நின்றது. உள்ளறையில் செம்பு உருளும் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தாள்.

செம்பு கவிழ்ந்து கிடந்தது. தரையில் ஈரம் இல்லை.

பத்து மாதமாக எங்கோ கல்லாகக் கிடந்தது மார்பில் அசைந்தது. அங்கேயே உட்கார்ந்தாள். கண்ணீர் வந்தது. சூடாக வந்தது. அந்தச் சூடு கன்னத்தில் தெரிந்தது.

"நீங்களா?" என்றாள் மெதுவாக. "வந்துட்டீகளா?"

 அறையில் யாரோ மூச்சு விடுகிறார்கள். ஒருவர் மட்டுமில்லை, பலர். சுவரோரமாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை.

"இன்னு நீரு கொடம்மா" என்றது கூடத்தில் கேட்ட அதே பெண் குரல், அவள் காதருகே.

கண்ணீர் நின்றுவிட்டது. கஸ்தூரி முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு எழுந்து குடத்தடிக்குப் போனாள்.