கீழிருந்து மிதிப்பது

எரிமலைக் கண்காணிப்பு நிலையத்து ஊசிக்காரர், நில அதிர்வுக் கருவியின் ஊசி கிறுக்கும் கோட்டைப் பார்த்தே மாடிப்படி ஏறுவது யார், அவர் காலையில் வீட்டில் சண்டை போட்டாரா என்பதுவரை சொல்லிவிடுவார். தபால்காரரின் செருப்பு வார் அறுந்ததை, அவர் தெருமுனை திரும்புமுன்பே தாளில் கண்டுபிடித்தவர்.

அன்று பிற்பகல், ஆள் அண்டாத மலையுச்சிக் கருவியின் தாளில் காலடிகள் விழுந்திருந்தன. மனிதர் மிதித்தால் ஊசி முதலில் கீழே இறங்கும். இது ஒவ்வொரு முறையும் மேலே துள்ளியது. தரையின் அடிப்பக்கத்தில் கால் பதித்து, ஏதோ தலைகீழாக நடப்பதைப்போல.

ஊர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அபாயச் சங்கின் சாவி அங்கே, மனைவியின் தம்பியிடம்.

"மச்சான், சங்கை ஊது. ஊரைக் காலி பண்ணணும்."

"காலடின்னா 'நடை'ன்னு எழுதிட்டு விட்டுடணும் மாமா. சட்டம் போட்டதே நீங்கதான்."

"உச்சியில யாருடா நடப்பான்?"

"ஆடு."

"ரெண்டு காலுலயா?"

"சர்க்கஸ் ஆடா இருக்கும். போன மாசம் உங்க பேச்சைக் கேட்டு ஊதி, ஊரே ஓடுச்சு. வந்தது தண்ணி லாரி. எனக்கே சங்கு ஊதப் பார்த்தாங்க."

வைத்துவிட்டான். அலுவலகத்தின் பின்சுவரை ஒட்டித்தான் ஊசிக்காரரின் மகள் படிக்கும் பள்ளி. அங்கும் போன் அடித்தார். சங்கு ஊதாமல் பிள்ளைகளை வெளியே விடமுடியாதாம். எரிச்சலில் ரிசீவரை மேஜையில் அறைந்தார். அந்த அறையையும் ஊசி குறித்துக்கொண்டது.

கந்தக வாடை அறைக்குள் மெல்லக் கனத்துக்கொண்டிருக்க, ஜன்னல் கண்ணாடியில் சாம்பல் பொடிப்பொடியாய் உரசிச் சரிய, தாளின் மேல் ஊசிகள் கரகரவென்று இழைய, காட்டுக்குள் இருக்கும் இரண்டாவது கருவியும் துள்ளத் தொடங்கியது.

மூன்றாவது. ஊர் எல்லைத் தண்ணீர்த்தொட்டி.

நான்காவது. மச்சானின் அறைக்கு அடியில்.

துள்ளல். துள்ளல். நின்றது.

போன் அடித்தது.

"மாமா..." கேலி போயிருந்தது. பின்னால் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம். "நாற்காலி மேல ஏறி நிக்கிறேன். சிமெண்டுத் தரை புடைச்சிருக்கு. பாதம் மாதிரி."

"ஊதுடா!"

"சாவி எதிர்ச்சுவத்துல. நான் எங்க காலை வைக்கப் போனாலும் அங்கயே வந்து புடைக்குது."

வாய்ப்பாடு பாதியில் நின்றது. எல்லாக் குரலும், ஒரே நொடியில்.

"நீங்க சொன்னது நிஜம் மாமா," என்றான் மச்சான். "நடந்துதான் வந்திருக்கு. ஒண்ணு இல்ல... ஜன்னல்ல தெரியுது, பள்ளிக்கூடத் தரை பூரா பாதம்."