உறுதியானால் மட்டும்

சூரியன் மறுபடி கத்த ஆரம்பித்தது. தலைக்கவசத்துக்குள் கீச்சென்று கிளம்பிய சத்தத்தை நிலாவில் பனி வெட்டும் கும்பலில் யாரும் சட்டை செய்யவில்லை. சூரியனை ஒட்டுக்கேட்கும் கணினியான சூரியச்செவி சங்கு ஊதாதவரை பயமில்லை. துளைக்கருவிகளைத் தோளில் போட்டுக்கொண்டு பதுங்கறையிலிருந்து வேலைக்குக் கிளம்பத் தயாரானார்கள்.

மேஸ்திரி காளீஸ்வரி மட்டும் நின்று கேட்டாள்.

சூரியன் வெடித்தால் மின்னணுக்கள் கூட்டமாகப் பீறிட்டு ஓடும். போகிற வழியில் சூரியக் காற்றை அதிரவைத்து ரேடியோ அலை கிளப்பும். சூரியனுக்குப் பக்கத்தில் காற்று அடர்த்தி, அங்கே சத்தத்தின் சுருதி உச்சத்தில் இருக்கும். தள்ளி வரவரக் காற்று மெலியும், சுருதியும் இறங்கும். சத்தம் பாதியில் அறுந்தால் பிழைத்தோம். அடிமட்டம்வரை இறங்கினால் கூட்டம் நம் வாசலுக்கே வந்தாயிற்று. ஆளைக் கொல்லும் கனத்த துகள்கள் அதன் பின்னாலேயே வரும்.

முன்பெல்லாம் கீச்சென்றாலே செவி சங்கு ஊதும். முக்கால்வாசி வெறும் சங்கு, வேலை கெட்டதுதான் மிச்சம். சங்கத்தில் சண்டை போட்டு, உறுதியானால் மட்டும் ஊதும்படி மாற்ற வைத்ததே காளீஸ்வரிதான். அதற்கப்புறம் புயல் எதுவும் வரவில்லை. செவியும் வாய் திறக்கவில்லை.

"செவி, இது இங்க வருதா?"

"உறுதியில்லை."

"எப்ப உறுதியாகும்?"

"இங்கே வந்து சேர்ந்ததும்."

அவளுக்குப் புரிந்தது. தப்பாகச் சொல்லாதே என்றார்கள். தப்பே வராத வழியை அது பிடித்துக்கொண்டது.

"யாரும் வெளிய போகாதீங்க!"

"காலையிலயும் இதத்தானக்கா சொன்ன?" என்றான் மொக்கராசு. "கடைசில தாயம் உருட்டிட்டு உக்காந்திருந்தோம். இதுவும் புஸ்ஸுன்னு போச்சுன்னா வேற மேஸ்திரிய வெச்சுக்குவோம், பாத்துக்க."

"வெச்சுக்கடா. உசுரோட இருந்து வெச்சுக்க."

மூடிய கதவில் முதுகைச் சாய்த்து, படியில் குறுக்கே உட்கார்ந்தாள். "என்ன மிதிச்சிட்டுப் போ."

யாரும் மிதிக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். சத்தம் முதலில் சடசடவென்று இறங்கியது, பிறகு இழுத்து இழுத்து. அறுந்தால் அவள் மேஸ்திரி வேலை போச்சு. அறுந்துவிடக்கூடாது என்றும் வேண்ட முடியாது.

அறுந்துபோகவில்லை. அடிமட்டத்தில் உறுமியது. அப்போதுதான் சங்கு ஊதியது.

"உறுதி. புயல் வந்துவிட்டது."

திட்டு நின்றது. மொக்கராசு துளைக்கருவியை இறக்கி வைத்துவிட்டு வியப்போடு தலையை ஆட்டினான்.

"பாத்தியாக்கா? மாத்துனதுக்கப்புறம் செவி ஒரு தப்புகூடச் சொல்லல!"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். காளீஸ்வரி படியைவிட்டு எழுந்திருக்கவில்லை.