பலகை மாட்டிய கை

மாமியார் கையில் சீப்பு, மூத்தார் கையில் திருப்புளி. அன்றைக்கு விடிந்ததே அப்படித்தான்.

அவள் வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மாமியார் பின்னல் போட்டபடியே இளைய மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, ஸ்டூலில் ஏறி நின்ற மூத்தார், முந்தின நாள் தம்பி மாட்டிய மசாஜ் சிகிச்சைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தம்பி, அதாவது அவள் புருஷன், இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடித்தே மீசை நரைத்தவன். பட்டறை மூடியதும், பிள்ளை வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து இந்தத் தொழிலைப் படித்தான். போகச் சொன்னதே அவள்தான். அவன் படித்து முடிக்கும்வரை தையல் கம்பெனியில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாக இழுத்தாள். வலது தோள் இறுகி, கை மார்புக்கு மேல் எழாமல் போனது. “மருமகளுக்குத் தலை வாரிவிடுற மாமியாரை எங்கயாவது பார்த்திருக்கீங்களா” என்று முனகிக்கொண்டே மாமியார் சீப்பை எடுத்தாள்.

அந்தத் தோளில்தான் புருஷன் தொழில் பழகினான். முதல் நாள் கை சம்மட்டி மாதிரியே விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில், சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் விலக்கிவிட வந்துவிட்டார். போகப் போக அந்தக் கைக்குப் பதம் வந்தது. “கை வைக்கலாமா? இங்க வலிக்குதா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். வாழ வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளை யாரும் எதையும் கேட்டதில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள்.

தோள் சரியாகி மாசக்கணக்காகிறது. அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. புருஷனையும் சொல்லவிடவில்லை, எத்தனை பேச்சு வாங்கியும் அவன் வாயைத் திறக்கவில்லை. மாமியாரின் நாக்கு சுடும். ஆனால் சிக்கெடுக்கும்போது அந்த விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ மாதிரி இருக்கும். தாயில்லாமல் வளர்ந்தவளுக்கு அதை விட மனசு வரவில்லை.

“கண்டவன் உடம்பைத் தடவித்தான் நம்ம குடும்பம் சோறு திங்கணுமா? பலகை இருந்தா நான் இந்த வீட்ல இல்ல” என்றார் மூத்தார். திருகாணி கழன்று விழுந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றார் முதல் ஆள். கழுத்துப் பிடித்துக்கொண்ட பஸ் டிரைவர். பலகையைக் காணோமே, வேறு வீடா என்று கேட்டார். வேறு வீடுதான், போங்க என்றார் மூத்தார்.

முன்னறையில் புருஷன், புதிதாக விரித்த வெள்ளைத் துணியை மடிக்க ஆரம்பித்தான். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனுஷன். அதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அத்தை, கொஞ்சம் விடுங்க.”

பாதிப் பின்னலோடு எழுந்தாள். “அண்ணே, நில்லுங்க. இதே வீடுதான்” என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். டிரைவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்போடு திரும்பினார். மூத்தாரை இறங்கச் சொல்லிப் பலகையையும் திருப்புளியையும் வாங்கி, கீழே கிடந்த ஆணியைப் பொறுக்கிக்கொண்டாள். ஸ்டூலில் ஏறினாள். வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கி, பலகையைப் பொருத்தி, ஆணியைத் திருகினாள்.

மாமியார் வாய் பிளந்தாள். “கை… எப்படி, எப்போடி?”

“உங்க பிள்ளை சரி பண்ணது, அத்தை. ரொம்ப நாளாச்சு.”

“அப்புறம் எதுக்கு தினம் என்கிட்ட தலையைக் குடுத்தே?”

“இதை விட்டா, நீங்க என்னைத் தொடுறது எப்போ அத்தை…”

சீப்பு கீழே விழுந்தது. ஸ்டூலில் நின்றவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கிழவி குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகையோடே பெரிய மகன் பக்கம் திரும்பினாள். “மரம் மாதிரி நிக்கிறான் பாரு. ஸ்டூலைப் பிடிடா, பிள்ளை விழுந்துடப் போறா.”

மூத்தார் குனிந்து ஸ்டூலைப் பிடித்தார். பிறகு அண்ணாந்து, “இடப்பக்கம் லேசா சாஞ்சிருக்கும்மா. தூக்கிவிடு” என்றார்.

உள்ளே வெள்ளைத் துணி மறுபடி விரிந்தது. “கை வைக்கலாமா?” என்று புருஷனின் குரல் கேட்டது.

“வைங்க சார்” என்றார் டிரைவர்.

அந்த வீட்டு ஆம்பிளையை சார் என்று ஒருத்தர் கூப்பிட்டு அவள் கேட்டது அன்றுதான். சிரித்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கினாள். மாமியார் மூக்கைச் சிந்திவிட்டுச் சீப்பைத் தேடி எடுத்தாள்.

“உக்காருடி. பாதிப் பின்னலோட நிக்கிறா பாரு, வீட்டுக்கு ஆள் வந்திருக்கிற நேரத்துல.”