ஸ்டிக்கரை யார் ஒட்டினது?

வேன் எங்களை நோயுள்ளவர்களைத் தனியே அடைத்து வைக்கிற ஓட்டலின் பின்வாசலில் இறக்கிவிட்டபோது பகல் மூன்று மணி. காய்கறி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் இறக்குகிற வாசல் அது. ஆறு பேர் வந்திருந்தோம். தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட ஒரு ஆள் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, அறை எண் எழுதிய துண்டுச்சீட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்துகொண்டான். கையில் தரமாட்டான். எனக்கு 512.

லிஃப்டில் ஏறியதும் என் கணவர் ஞாபகம் வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டில் ஏறினாலும் தலையைச் சாய்த்துக் கயிறு ஓடும் சத்தத்தைக் கேட்பார். "இதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆயுசு" என்பார். அந்த நேரத்தில் அவர் விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நானும் நின்றிருக்க வேண்டிய வரிசை.

ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் வெளிநாட்டில் வேலை. எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில். மகள் சிட்டு ஊரில் மாமனார் மாமியாரிடம் வளர்ந்தாள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார் என்று தகவல் வந்த வாரம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போய்க்கொண்டிருந்த விமானத்தில் எப்படியோ இரண்டு சீட் கிடைத்தது. புறப்படுவதற்கு முன் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த, நோய் இல்லை என்கிற பரிசோதனை முடிவு இருந்தால்தான் ஏறவிடுவார்கள். கூட்டம் சேரக்கூடாது என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து வீட்டுக்கே பெட்டி அனுப்பினார்கள். இரண்டு குழாய். காலையில் பல் தேய்க்கும் முன் எச்சில் துப்பி, இறுக்கி மூடி, பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தனுப்ப வேண்டும்.

முடிவு அவர் செல்போனுக்கு வந்தது. படித்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் இருக்கு."

நான் சந்தேகப்படவே இல்லை. தினமும் நோயாளிகளின் போர்வையை உதறுகிறவள். எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவரை ஏற்றலாமா என்று விமானக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு காகிதம். அது அவரிடம் இருந்தது.

"நானாவது போய் அப்பா முகத்தைப் பாத்துடறேன். நீ பத்து நாள் இருந்து, சரியானதும் அடுத்த ஃப்ளைட்ல வந்துடு."

சிட்டுவுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த நீல ஷூவை என் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். வாசலில் தள்ளி நின்றே கையசைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பிரிவுத் துயரம் என்று நினைத்தேன்.

அறை நன்றாகத்தான் இருந்தது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். கட்டில்கள் இரண்டு, ஒன்றில் விரிப்பு இல்லை. வேளாவேளைக்குக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் பொட்டலம் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரின் உச்சியில் இரண்டு சாண் அகலத்தில் ஒரு கம்பித்தட்டி, அதற்குப் பின்னால் காற்றுக்குழாய். விளக்குக்கும் காற்றை இழுக்கும் விசிறிக்கும் ஒரே சுவிட்ச். விளக்கைப் போட்டால் மாவு மில் மாதிரி விசிறி இரையும். அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு.

மறுநாள் பதினொரு மணி வாக்கில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாழ்வாரத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். விசிறியின் இரைச்சல் தாங்காமல் சுவிட்சை அணைத்தேன். இருட்டில், ஈரத் தரையில் கால் வைத்துக் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து அழுதேன்.

மேலே யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். பிறகு ஒரு பெண் குரல், மிகத் தணிவாக.

"புதுசா வந்திருக்கீங்களா?"

தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான் புரிந்தது, இரண்டு அறைக்கும் ஒரே காற்றுக்குழாய். பக்கத்து அறையில் இருக்கிறவள் பேசுகிறாள்.

"ஆமாங்க. நேத்துதான்."

"அழாதீங்க. அழுதா மூக்கடைக்கும். அதையும் எழுதிக்குவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிலிருந்து அவள் எனக்குத் துணையானாள். தினமும் பொட்டலம் வாங்கியதும் இருட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். சிட்டுவைப் பற்றிப் பேசுவேன். அவள் தன் தங்கையைப் பற்றிப் பேசுவாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்களாம், ஒரே நாளில் கிளம்ப இருந்தார்களாம். அதற்கு மேல் சொல்ல மாட்டாள். நான் பேசும்போதெல்லாம் கவனமாகக் கேட்பாள். அவள் மூச்சுவிடும் சத்தமே எனக்குக் கேட்டதில்லை, இருமல் மட்டும்தான்.

குழாய் வழியே ஒரு வாடையும் வரும். என் தொழிலில் அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். ஈரத்தோடு மூட்டை கட்டி, மாதக்கணக்கில் யாரும் பிரிக்காமல் விட்ட போர்வையின் வாடை.

நாலாம் நாள் அவள் கேட்டாள்.

"உனக்குக் காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"தொண்டை வலி? வாய்க் கசப்பு?"

"ஒண்ணும் இல்ல."

"வாசனை தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

இவ்வளவு நாளும் எங்கோ தள்ளியிருந்து வந்த குரல் கம்பித்தட்டிக்குப் பக்கத்திலேயே வந்தது.

"குழாயில ஸ்டிக்கரை யார் ஒட்டினது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.

ஒட்டினது நான் இல்லை.

எச்சில் எடுத்த அன்று காலை சமையலறை மேடையில் இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எல்லார் எச்சிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஸ்டிக்கரை நான் ஒட்டிக்கறேன், நீ குளிச்சிட்டு வா" என்றார் அவர். அதற்கு முந்தைய நாள் பால் தீய்ந்துபோய் வீடே நாறியது. அவர் அந்தப் பாலில் போட்ட காப்பியைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். என் மனசு நோகாமல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு ராத்திரி ஹாலில் தனியாகப் படுத்தார். புழுக்கமாக இருக்கிறது என்றார்.

இருட்டில் என் கை தானாக சுவிட்சைத் தேடியது.

"போடாதே," என்றாள் அவள். "முழுசாக் கேட்டுக்கோ. உன் ரூம்ல ரெண்டாவது கட்டில் இருக்கில்ல? நாளைக்கு அதுல ஒருத்தியைக் கொண்டுவந்து போடுவாங்க. நிஜமாவே நோயுள்ளவ. கதவைத் திறக்காதே. நான் திறந்தேன்."

வெளியே ஓடிவந்து அவருக்குப் போன் செய்தேன். இரண்டாம் முறை எடுத்தார். குரல் கரகரவென்று இருந்தது. இறங்கிய இடத்திலேயே இன்னொரு பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். அவருக்கு நோய் இருக்கிறது என்று வந்துவிட்டது. வீட்டுக்கு விடாமல் நேராக அங்கே ஓர் ஓட்டலில், மூன்றாவது மாடியில் அடைத்துவிட்டார்கள். எனக்குச் சொல்லாமல் மூன்று நாள் மறைத்திருக்கிறார்.

"ஃப்ளைட்ல யார்கிட்டயிருந்தோ ஒட்டியிருக்கு," என்றார்.

"ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினீங்களா?"

அவர் இருமினார். வேண்டுமென்றே நீட்டி இருமுவது போலிருந்தது.

"கேக்கறேன்ல. மாத்தி ஒட்டினீங்களா?"

"அப்பா சாகக் கிடக்காரு. நான் என்ன பண்ணட்டும்? உனக்கென்ன, பத்து நாள் ரெஸ்ட்தானே. மூணு வேளையும் சாப்பாடு கதவுக்கே வருது."

பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த ஆளின் குரல் அது. அவர் சட்டைப் பித்தான் அறுந்தால் அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரியும். நல்லா இருக்கிற என்னை நோயாளிகளுக்கு நடுவே தள்ளிவிட்டு, என் உடம்பின் நல்ல முடிவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் விமானம் ஏறியது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் காலை பத்தேகாலுக்குக் கதவைத் தட்டினார்கள். கதவிலிருந்த கண்ணாடி ஓட்டை வழியே பார்த்தேன். பிளாஸ்டிக் உடுப்பில் நர்ஸ். அவளுக்குப் பின்னால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து இருமுகிற ஒரு நடுவயதுப் பெண்.

கதவுச் சங்கிலியைப் போட்டேன். திறக்கமாட்டேன் என்றேன். போலீஸ் வரும் என்றார்கள். வரட்டும் என்றேன்.

"சிஸ்டர், எனக்கு இன்னொரு தடவை டெஸ்ட் எடுங்க. அதுல இருக்குன்னு வந்தா நானே திறக்கறேன்."

நர்ஸ் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். அப்புறம் அந்தப் பெண்ணை வேறு மாடிக்கு அனுப்பிவிட்டு, சங்கிலி இடைவெளி வழியே குச்சியை நீட்டி அவளே மாதிரி எடுத்தாள். அன்றைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று. இரண்டிலும் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. காகிதத்தைக் கண்ணாடி ஓட்டைக்கு நேரே பிடித்துக் காட்டினாள். என் கண்ணால் பார்த்த முதல் முடிவு அதுதான்.

"எப்படிக்கா அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க?" என்றாள்.

"பக்கத்து ரூம்ல இருக்காங்களே, அவங்கதான் சொன்னாங்க."

"எந்தப் பக்கம்?"

"514."

பிளாஸ்டிக் முகக் கவசத்துக்குப் பின்னால் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. காகிதத்தை இறக்கிவிட்டுத் தாழ்வாரத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"514-ல யாரும் இல்லக்கா. நாலு மாசமாப் பூட்டிக் கிடக்கு."

அதன் பிறகு அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அங்கே ஒரு பெண் இருந்தாளாம். எனக்கு ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று இவர்கள் காதில் வாங்கவில்லை. கூட ஒரு நோயாளியைப் படுக்க வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் மூச்சுவிட முடியாமல் இறந்துபோனாள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த தங்கை அப்புறம் போன் செய்து, குழாய் மாறிவிட்டது என்று அழுதாளாம். தெரியாமல் மாறிவிட்டது என்று.

"கடைசி ரெண்டு நாள் பாத்ரூமுக்குள்ளயேதான் கிடந்தாங்க. அங்கதான் காத்து வருதுன்னு சொன்னாங்க."

மறுநாள் மதியம் என்னை விடுவித்தார்கள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கடைசியாக ஒருமுறை குளியலறைக்குள் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். விளக்கைப் போடவில்லை.

"போறியா?"

"போறேன்."

"அவர் எங்க இருக்கார்?"

பயமாகத்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கேள்வி எனக்குப் புரிந்தது. யார் கேட்கிறாள், எதற்குக் கேட்கிறாள் என்றும் தெரிந்தது.

ஊர் பெயரைச் சொன்னேன். ஓட்டல் பெயரைச் சொன்னேன். மூன்றாவது மாடி என்று சொன்னேன்.

கம்பித்தட்டிக்குப் பின்னால் ஏதோ துணி உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மேலே போனதா, கீழே போனதா, தெரியவில்லை. அந்த வாடை நின்றுவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன். பகல் பன்னிரண்டு மணி. கிசுகிசுவென்று பேசினார்.

"இங்க பாத்ரூம்ல ஒரு பொம்பளை பேசறா."

"பக்கத்து ரூமா இருக்கும்."

"பக்கத்துல ரூமே இல்ல. இதுதான் கடைசி ரூம். லிஃப்ட் ஓடற சுவர்தான் இருக்கு."

"என்ன கேக்கறா?"

அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி அழுது நான் கேட்டதில்லை. எனக்குப் பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவ்வளவுதான்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாமனார் அடுத்த நாள் விடியற்காலையில் போய்விட்டார். மகன் இருபது நிமிஷத் தூரத்தில், பூட்டிய அறையில் இருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. நான் மூன்று வாரம் கழித்து, புறப்படும் முன் ஒன்று, இறங்கியதும் ஒன்று, அப்புறம் ஏழாம் நாள் ஒன்று என்று மூன்று பரிசோதனை முடித்து வீடு போய்ச் சேர்ந்தேன். எல்லாக் குழாயிலும் ஸ்டிக்கரை நானே ஒட்டினேன். சிட்டு என்னைப் பார்த்து வெட்கப்பட்டு மாமியார் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அவரை விட்டுப் போய்விடு என்று என் அண்ணன் சொன்னான். நான் போகவில்லை. குழந்தைக்காக என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நல்ல அம்மா என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

அவர் இப்போது லிஃப்ட் வேலைக்குப் போவதில்லை. அந்தக் கூண்டுக் குழிக்குள் தலையை நீட்ட முடியவில்லையாம். ஒரு கடையில் கணினி பழுது பார்க்கிறார். தினமும் காலை பத்தேமுக்காலுக்கு, எங்கே இருந்தாலும், ஏதாவது ஒரு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வீட்டில் இருக்கிற நாளில் நான் வெளியே துணி மடித்துக்கொண்டிருப்பேன். முதலில் உள்ளே ஒரு இருமல் கேட்கும். அது அவருடையது இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி:

"நான்தான். நான்தான் ஒட்டினேன். தெரிஞ்சேதான் ஒட்டினேன்."

வெளியே வந்து தலை குனிந்தபடி காப்பி குடிப்பார். நான் எதுவும் கேட்பதில்லை.

போன வியாழக்கிழமை வேலை விஷயமாகப் பக்கத்து ஊருக்குக் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். சிட்டு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். பத்தேமுக்கால் ஆனது. நான் நடையில் போர்வையை உதறிக்கொண்டிருந்தேன்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை.

இருமல் கேட்டது.

போர்வையைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஈர மூட்டை வாடை கதவிடுக்கு வழியே வந்தது.

"அவர் இல்ல," என்றேன். "சாயங்காலம்தான் வருவார்."

உள்ளிருந்து, வாசலில் வந்து நிற்கிற விருந்தாளி சொல்வது போல, சாந்தமான குரல்.

"பரவாயில்ல. இருக்கேன்."

கதவின் தாழ்ப்பாள் உள்பக்கத்தில் மெதுவாக விழுந்தது.