பழைய பாலமும் பச்சைக் கோடும்

வலது முழங்காலில் யாரோ ஆணி அறைவது போலிருந்தது. ஆற்றுச் சரிவில் பாதி இறங்குவதற்குள் பெண் இன்ஸ்பெக்டருக்கு உயிர் போய் வந்தது. சாலையோரம் வெட்டிக் குவித்திருந்த கிளைகளில் ஒன்றை உருவி ஊன்றிக்கொண்டார். வெட்டுவாயில் கசிந்த பால் உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

காலை ஏழு மணி. பழைய பாலம் ராத்திரியே நடுவில் ஒடிந்து ஆற்றுக்குள் கிடந்தது. அதன்மேல் டிரெய்லர். டிரெய்லரில் வீட்டு உயரத்துக்கு ஒரு மின்மாற்றி. ஓட்டுநரைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். அவருடைய போன் தண்ணீரோடு போய்விட்டது. பயண அனுமதி அதில்தான் இருந்தது.

கனரக வாகன அனுமதி அதிகாரி கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "நாங்க அனுமதி குடுத்தது புதுப் பாலத்துக்கு. இன்னிக்குக் காலைல கூட மேப்பைத் திறந்து பார்த்தேன். டீசல் மிச்சம் பிடிக்கக் குறுக்கே விட்டிருக்கான். செத்ததும் இல்லாம பாலத்தையும் கூட்டிட்டுப் போயிட்டான்."

"வாயக் கழுவிட்டுப் பேசுய்யா!" ஓட்டுநரின் மனைவி பாய்ந்தாள். "மேப்புல கோடு எங்கயோ அங்கதான் எங்க வீட்டுக்காரர் சக்கரம் போகும். பாலத்தை உடைச்சவன் பிள்ளைங்கன்னு பேர் வாங்கிட்டு என் பசங்க எந்தத் தெருவுல நடப்பாங்க?"

இன்ஸ்பெக்டருக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. "ஏம்மா, வண்டி எங்க கிடக்குன்னு கண்ணு தெரியல? உன் புருஷன் பண்ண தப்புக்கு இங்க ஒப்பாரி வைக்காதே. போய் பிணத்தை வாங்கு."

அவள் இன்ஸ்பெக்டரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜீப் புதுப் பாலத்து வழியாகத் திரும்பியது. தாழ்ந்து தொங்கிய கிளை ஒன்று கூரையை சரசரவென்று உரசியது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.

அனுமதி அலுவலகத்தில் கணினி மேப்பைப் பராமரிக்கும் வரைபடக்காரர் நாற்காலி இழுத்துப் போட்டார். சாந்தமான ஆள். "உட்காருங்க மேடம். கால் வலி போல."

திரையில் பச்சைக் கோடு புதுப் பாலத்தின்மேல் போனது. பழைய பாலம் சிவப்பாக இருந்தது.

"சிவப்புன்னா?"

"பாரம் தாங்காது. வண்டி எடையைக் குடுத்தா, சிவப்பு இல்லாத ரோடா பார்த்து மெஷினே பச்சைக் கோடு போடும். சார் கையெழுத்துப் போட்டதும் ஓட்டுநர் போனுக்குப் போயிடும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" கூடவே வந்திருந்த அதிகாரி சீறினார். "உயரமான சரக்குன்னா கிளை வெட்டுற மேஸ்திரிக்கும் அதே கோடு தானாப் போகும். திரையை விட்டு எந்திரிச்சாத்தானே இந்தாளுக்கு வெளியுலகம் தெரியும்!"

இன்ஸ்பெக்டர் உள்ளங்கையைத் தேய்த்தார். பிசுக்கு இன்னும் போகவில்லை.

மேஸ்திரிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். "நேத்து எந்த ரோட்டுல கிளை வெட்டினீங்க?"

"பழைய பாலத்து ரோடுங்க. கோடு அங்கதானே காட்டுச்சு?"

"புதுப் பாலத்துப் பக்கம்?"

"அங்க எங்களுக்கு என்னங்க வேலை?"

இன்ஸ்பெக்டர் போனை அணைத்துவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"சார், கையெழுத்துப் போடும்போது கோடு எங்க போகுதுன்னு பார்த்தீங்களா?"

அதிகாரியின் குரல் இறங்கியது. "பச்சையா இருந்தாப் போட்டுடுவேன்."

"கோட்டை யார் மாத்தலாம்?"

"நான் பார்க்கத்தான் முடியும். தொடறது இவர் மட்டும்தான்." நாற்காலியை வரைபடக்காரரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஊன்றி வந்த கிளையைத் தூக்கி விசைப்பலகையின்மேல் வைத்தார். "டிரெய்லர் தலையில இடிக்கக் கூடாதுன்னு பழைய பாலத்து ரோட்டுல வெட்டின கிளை இது. புதுப் பாலத்து ரோட்டுல என் ஜீப்பே இடிக்குது. மெஷின் அனுப்பினது பழைய பாலத்துக்கு. பாலம் விழுந்ததும் நீங்க கோட்டை அழிச்சு வேற போட்டீங்க. திரையை மாத்திட்டீங்க, வெட்டின கிளையைத் திரும்ப ஒட்ட முடியல. பழைய பாலம் எப்பய்யா சிவப்பாச்சு?"

வரைபடக்காரர் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரிதான், பாலம் விழுந்த சேதி வந்ததும். அந்தப் பாலத்தை நான் நேர்ல போய் அளக்கல மேடம். வழியெல்லாம் சேறு. பாலம் தாங்குற எடைக் கட்டத்தைக் காலியா விட்டுட்டேன். காலியா இருந்தா மெஷின் தடை இல்லன்னு எடுத்துக்கும்."

"அது உமக்குத் தெரியும்."

"தெரியும்."

அவரை ஸ்டேஷனுக்கு ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, இன்ஸ்பெக்டர் பிணவறைக்கு நொண்டிக்கொண்டே போனார். அமரர் ஊர்தி கிளம்பத் தயாராக இருந்தது. ஓட்டுநரின் மனைவி உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு உங்க வீட்டுக்காரர் மேல இல்லம்மா. ரிப்போர்ட்ல எழுதிட்டேன்."

"அது எனக்குக் காலைலயே தெரியும். வேற ஏதாவது சொல்லணுமா?"

இன்ஸ்பெக்டர் உள்ளங்கைப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டே நின்றார். அவள் தானே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

ஆற்றங்கரையில் சொன்ன சொல்லுக்கு இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.