முழங்காலில் ஒரு தட்டு

அண்ணன் செத்துப்போய் ஐந்து வாரம் கழித்து, பேண்டு ஒத்திகை அறைக்குப் போனேன். பட்டப்பகல். ஜன்னலில் நல்ல வெயில். வால்வு எண்ணெயும் எச்சில் காய்ந்த பித்தளையும் கலந்த பழைய வாசனை. எங்கள் இரண்டு நாற்காலிகளும் அப்படியே இருந்தன.

"நாளைக்கு ஒத்திகையில அந்த அடிசுரத்தை நீ ஒருத்தனே பிடிக்கணும்," என்றார் மாஸ்டர். "நடுவுல அறுந்துச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன். தப்பா நினைக்காதப்பா."

எப்படி நினைக்காமல் இருப்பது? வீட்டில் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை. எனக்கு மிச்சம் இந்த நாற்காலி ஒன்றுதான்.

நாங்கள் இருவரும் ஊதிய சூசாஃபோன் என்பது உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழல். சில அடிசுரங்கள் அந்தக் குழலிலேயே கிடையாது. தாடையை இறக்கி, உதட்டைத் தளர்த்தி, இல்லாததை வரவழைக்க வேண்டும். பொய்ச்சுரம் என்போம். மூச்சைக் குடித்துவிடும். அதனால் ஒருவன் மூச்சு எடுக்க மற்றவன் பிடிப்பான். வால்வு அழுத்த வேண்டாம், கை சும்மாதானே இருக்கிறது? மூச்சு எடுக்கப்போகிறவன் பக்கத்தில் இருப்பவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவான்.

கடைசி ஒத்திகையில் அண்ணன் தட்டினான். கவனிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். காலையில் போட்ட சண்டையின் வீம்பு. படட்டும் என்று வாயை எடுத்துவிட்டேன். சுரம் அறுந்துவிடக் கூடாதே என்று அவன் பிடித்துக்கொண்டே இருந்தான். மறுபடி தட்டினான்.

பிறகு சரிந்தான்.

மாஸ்டர் வெளியே போனதும் ஊத ஆரம்பித்தேன். தரைப்பலகை அதிர்ந்தது. பதினைந்து எண்ணுவதற்குள் நெஞ்சு காலி. வாயை எடுத்தேன்.

சுரம் நிற்கவில்லை.

மூலையில் அண்ணனின் குழல் சாய்ந்திருந்தது. அதன் ஊதுவாய் என் சட்டைப்பையில் இருந்தது.

கதவுக்கு வெளியே மாஸ்டர் கத்தினார்: "பலே! மூச்சு விட்ட இடமே தெரியலையே! நாற்காலி உனக்குத்தான்." அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

என் முழங்காலில் ஒரு தட்டு.

இந்தத் தடவை விடவில்லை. அழுதுகொண்டே பிடித்தேன். காதருகே யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். இழுத்துக்கொண்டே இருந்தது. முடியவே இல்லை. எனக்குக் கண் இருட்டியது. காலி நாற்காலிப் பக்கம் கையை நீட்டித் தட்டினேன்.

கை ஒரு முழங்காலில் பட்டது.

மறுபடி தட்டினேன். அவன் சுரத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

தரையில் கிடந்த என்னை மாஸ்டர்தான் தண்ணீர் தெளித்து எழுப்பினார். "வெறும் வயித்துல ஊதுனியா?" என்று திட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால், முழங்காலில் மூன்று விரல் பதிந்து நீலம் பாய்ந்திருக்கிறது.

நாளைக்குப் போவேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பக்கத்தில் ஒருத்தன் இருக்கிறான். இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?