இன்னும் சரியாகலை

மழை என்றால் அப்படியொரு மழை... பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, பள்ளி டேப்லெட்டை ஒரு கையால் மார்போடு அணைத்து, மறு கையில் ஃபோனை வைத்துக்கொண்டு அவள் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் அக்கா.

“பாடம் ஆரம்பிக்கிற நேரமா பார்த்து அப்டேட்டாம் அக்கா! பிள்ளைங்க எல்லாம் சுத்துற வட்டத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எங்கேயோ ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு ஒரு தடியன் பட்டனைத் தட்டுறான். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்...”

பக்கத்தில் யாரோ இருமினார்கள். இருமல் இல்லை அது, அடக்கிய சிரிப்பு. திரும்பினாள். நெற்றியில் நீர் சொட்டும் முடி. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... பொய் சொல்லவே தெரியாத கண்கள் என்று அன்றைக்கு நினைத்தாள். பாவம், எவ்வளவு பெரிய ஏமாளி!

“கிடைச்சா என்ன பண்ணுவீங்க?” என்றான்.

“ஒட்டுக் கேட்கிறது தப்புன்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?”

“தந்தாங்க. ஆனா நீங்க பேசினது அடுத்த தெருவுக்கே கேட்டுதுங்க.”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேருந்து வந்தது. அடித்துப் பிடித்து ஏறினால், காலியாக இருந்தவை பக்கத்துப் பக்கத்து இருக்கைகள்தான். ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தான்.

பள்ளிக்கூடங்களுக்கு டேப்லெட் வந்த புதுசு அது. எதைத் திறக்கலாம், எதை மூட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஊருக்கு நடுவே ஓர் அலுவலகத்திலிருந்தே கட்டிப்போட்டிருந்தார்கள். அக்கா வேலை பார்த்த கம்பெனியின் லேப்டாப்கள்கூட அவர்கள் பொறுப்புதான். கொஞ்சம் பெரிய கூட்டம் நடந்தால் போதும், அப்டேட்டுக்காக அக்காவின் லேப்டாப் தானாக அணைந்து எழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் அதே பேருந்து... அவன் கேட்பான், அவள் கொட்டுவாள். முளைத்த பயறைப் பிள்ளைகள் படம் எடுக்க ஆசைப்பட்டால் கேமராவுக்குப் பூட்டு. கடவுச்சொல்லை மறந்த பிள்ளைக்கு அன்றைக்கு முழுக்கப் பாடம் கிடையாது. அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கும். சும்மா “உம்” கொட்டுகிற ஆளில்லை, திருப்பித் திருப்பிக் கேட்பான்.

“புகார் சொல்ல வேண்டியதுதானே டீச்சர்?”

“சொல்லாம இருப்பேனா? ‘சரி பண்ணியாச்சு’ன்னு அவங்களே சொல்லி அவங்களே முடிச்சுக்குவாங்க. சரியாச்சான்னு என்னை ஒரு வார்த்தை கேட்கணும்ல? பாடம் நடத்துறது நானா, அவங்களா?”

அன்றைக்கு அவன் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டான். யோசனையில் மறந்துவிட்டதாகச் சொல்லி அசடு வழிந்தான். அவள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுப் பெரியவர் விழித்துக்கொண்டார்.

மெல்ல மெல்லப் பள்ளியில் ஏதோ நடந்தது. அப்டேட் சாப்பாட்டு இடைவேளைக்கு மாறியது. கேமரா திறந்தது. கடவுச்சொல்லை டீச்சரே மாற்றிக் கொடுக்கலாம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது விதி... புகார் கொடுத்தவர் தன் வாயால் ‘சரியாயிடுச்சு’ என்று சொல்லும்வரை புகார் முடியாது. அதுவரை அலுவலகத்திலிருந்து தினமும் கேட்பார்கள்.

“தடியனுக்குப் புத்தி வந்துடுச்சு!” என்று பேருந்தில் ஏறியதும் கொண்டாடினாள். அவன் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான்... அதற்குள் அவன் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டது.

ஆசிரியர்களின் கருத்தைக் கேட்க அலுவலகத்திலிருந்து ஆள் வந்த நாளில்தான் குட்டு உடைந்தது. “நம்ம டேப்லெட் எல்லாம் இவர் பொறுப்புலதான் இருக்கு” என்று தலைமையாசிரியை கையைக் காட்டினார். அங்கே நின்றது அவன்!

அவள் முகம் கொதித்தது. கூட்டம் முடிந்ததும் ஓடி வந்தான்.

“முதல் நாளே சொல்லியிருக்கணும் டீச்சர். திட்டு வாங்கின கையோட சொல்ல வாய் வரலை. அப்புறம்... சொன்னா பேச மாட்டீங்களோன்னு பயம்.”

“உங்க வேலைக்காகத்தான் என் பக்கத்துல உட்கார்ந்தீங்களா? நான் என் மனசைக் கொட்டினேன், நீங்க குறிப்பு எடுத்தீங்க. அவ்வளவுதானே?”

பதிலுக்கு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து வேறு பேருந்து பிடித்தாள். சுற்று வழி, நெரிசல், உட்கார இடம் கிடையாது. ரோஷம் என்று வந்துவிட்டால் கால்வலியைப் பார்க்க முடியுமா?

ஆனால் விதி என்று ஒன்று இருந்ததே... கூட்டத்துக்கு முன்பே ஒரு டேப்லெட்டில் சத்தம் வரவில்லை என்று அவள் புகார் கொடுத்திருந்தாள். ஃபோன் வந்தது.

“டீச்சர், டேப்லெட்ல சத்தம் வருதா? சரியாயிடுச்சா?” அவனேதான். குரலில் பழைய துள்ளல் இல்லை.

டேப்லெட் அன்று காலையே தொண்டையைத் திறந்து பாடிக்கொண்டிருந்தது. ‘சரியாயிடுச்சு’ என்று சொன்னால் கதை முடிந்தது.

“இன்னும் சரியாகலை” என்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் அழைத்தான். அதற்கு மறுநாளும். ஒரு கேள்வி, ஒரு பதில். அதற்காகவே மத்தியானம் சாப்பாட்டைத் தள்ளிவைத்து ஃபோன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

“சரியாயிடுச்சுன்னு சொல்லித் தொலையேன்டி! அந்த மனுஷன் பாவம்.”

“அவர் பாவமா? என்னை ஏமாத்தினவர்!”

“ஏமாத்தினவர் ஃபோனுக்கா சோறு தண்ணி இல்லாம காத்துக்கிட்டிருக்க?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

அடுத்த நாள் ஃபோன் வந்தது. எடுத்தால், ஒரு பெண் குரல். “வணக்கம் மேடம், உங்க புகாரை இனிமே நான் பார்த்துக்கிறேன். சார் மாத்திக் கொடுத்துட்டாரு. தான் பேசினா உங்களுக்குப் பிடிக்கலை போலன்னு...”

ரோஷத்தைக் கட்டிக்கொண்டு அழுததற்கு இதுதான் பலன். இனி அந்தக் குரலும் இல்லை.

“சரியாகலைங்க” என்றாள். “ஃபோன்ல கேட்டா சரியாகாது. யார் இத்தனை நாள் கேட்டாரோ, அவரையே நேர்ல வந்து பார்க்கச் சொல்லுங்க.”

அன்று சாயங்காலமே வந்தான். பிள்ளைகள் போயிருந்தார்கள். கவிழ்த்து வைத்த நாற்காலிகளுக்கு நடுவே, கரும்பலகையைத் துடைத்த துணியோடு அவள் நின்றாள். பையைத் திறந்து கருவிகளை மேஜையில் பரப்பினான். அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. டேப்லெட்டைத் தட்டினான். அறை முழுக்கப் பாட்டு கணீரென்று கேட்டது.

“நல்லாத்தானே பாடுது...” குழப்பமாக நிமிர்ந்தான். “எப்பச் சரியாச்சு?”

“நீங்க முதல் தடவை ஃபோன் பண்ணின அன்னைக்கே.”

“அப்போ ஏன் டீச்சர் தினமும் சரியாகலைன்னு சொன்னீங்க?”

எத்தனையோ வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த டேப்லெட்டுகளெல்லாம் பழசாகி, போன இடம் தெரியவில்லை. ஆனால் அந்த அறையின் சாயங்கால வெயிலும், அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவன் கண்களில் இருந்த பயமும் இன்றைக்கும் அவளுக்குள் அப்படியே இருக்கின்றன.

அன்றைக்கு அவள் கையிலிருந்த துணியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

“சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டா...” என்றாள், “நாளைக்கு நீங்க ஃபோன் பண்ண மாட்டீங்களே...”